வயலை மனையாக்கும் முன் ஊரார் அறிய வேண்டியவை

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்று நிலத்தின் விலையைப் பற்றிப் பேசாத திண்ணை இல்லை. ஏர் ஓட்டிய நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று விவசாயிகள் கணக்குப் பார்க்கிறார்கள். அக்கணக்கில் சென்டு விலை வருகிறது, தரகு வருகிறது, பத்திரச் செலவு வருகிறது. ஆனால் மனைப்பிரிவுக்கான அனுமதி என்பது கடைசியிலேதான் வருகிறது. சில சமயம் வராமலே போய்விடுகிறது. கடைசியில் வரும் அதனை முதலில் வைத்துக்கொள்ள வேண்டியது ஏன், அதனைப் பெறும் வழி யாது, அதில் ஊராட்சி மன்றத்தினரின் கடமை யாது என்பவற்றை இங்கே முறையாக ஆராய்வோம்.

நகரம் கிராமத்தை நாடி வந்த வரலாறு

நம் பகுதியில் நிலத்தின் பயன் மாறியது நேற்று இன்று நிகழ்ந்ததன்று. 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாயிற்று. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. வீட்டிற்கு மனை வேண்டியிருந்தது. ஏரிப்பாசனத்தால் நெல் விளைந்த நிலங்கள் ஒவ்வொன்றாகக் குடியிருப்புகளாயின. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. 2019-இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் நோக்கிச் செல்லும் வெளிவட்டச் சாலை அமைந்தபின், அதன் இரு மருங்கிலும் உள்ள கிராமங்களிலும் மனைக் கற்கள் முளைத்தன.

இவ்வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவது எவராலும் இயலாது. தடுக்க வேண்டுவதும் இல்லை. ஆயினும், ஒழுங்காகப் பிரிக்கப்பட்ட நிலத்தில் ஓர் ஊர் உண்டாகிறது. ஒழுங்கின்றிப் பிரிக்கப்பட்ட நிலத்தில் வீடுகள் மட்டுமே உண்டாகின்றன. பத்தடிச் சந்துகளும், முற்றுப்பெறாத தெருக்களும், நீர் வடியாத தாழ்நிலங்களும், குழந்தைகள் விளையாட ஒரு சாண் இடமும் இல்லாத நகர்களும் நம் கண்முன் உள்ளன. அவற்றைப் பின்னர்ச் சீர்செய்ய எவ்வளவு பொருள் செலவிட்டாலும் தெருவை அகலமாக்க முடிவதில்லை. வீட்டை இடித்தாலன்றித் தெரு அகலாது.

அனுமதி என்பது யாது?

நகரமைப்பைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்துவது நம் மாநிலத்திற்குப் புதிதன்று. 1920-ஆம் ஆண்டிலேயே சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் வந்ததே இன்று நடைமுறையில் உள்ள 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். திட்டப் பகுதியில் அடங்கிய நிலத்தை எவரும் எழுத்து மூலமான அனுமதி பெறாமல் அபிவிருத்தி செய்தல் ஆகாது என்பது இச்சட்டத்தின் விதி. நிலத்தை மனைகளாகப் பிரிப்பதும் அபிவிருத்தியே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். வீடு கட்டும்போதுதான் அனுமதி வேண்டும், கல் நடுவதற்கு வேண்டாம் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு.

இங்கே இரு சொற்களின் பொருளைப் பிரித்தறிய வேண்டும். ஒரு நிலத்தை எட்டு மனைகளுக்கு மேற்படாமல் பிரிப்பது உட்பிரிவு எனப்படும். எட்டுக்கு மேற்பட்ட மனைகளாகப் பிரிப்பது மனைப்பிரிவு எனப்படும். மக்கள் வழக்கில் இதுவே லே-அவுட். தகப்பனார் விட்டுச்சென்ற நிலத்தை மூன்று சகோதரர் பாகம் செய்து வீடு கட்டிக்கொள்ள விரும்பின், அது உட்பிரிவு. நான்கு ஏக்கரை நாற்பது மனைகளாக்கி விற்பின், அது மனைப்பிரிவு. இரண்டுக்கும் அனுமதி வேண்டும். ஆனால் பொதுவுக்கு நிலம் ஒதுக்கும் கடமை பெரிய மனைப்பிரிவுக்கே முழுமையாக உண்டு. இக்கடமையிலிருந்து தப்புவதற்காக ஒரே நிலத்தை எட்டு எட்டாகத் துண்டாடி, பல உட்பிரிவுகள்போல் காட்ட முயல்வோரும் உண்டு. ஊராட்சி மன்றத்தினர் இதனைக் கூர்ந்து கவனித்தல் வேண்டும்.

யாரிடம் விண்ணப்பிப்பது?

பூந்தமல்லி, வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த நம் கிராமங்கள் சென்னைப் பெருநகர்ப் பகுதியில் அடங்கியவை. இப்பகுதிக்குத் திட்டமிடும் அமைப்பு, சி.எம்.டி.ஏ. என்று மக்கள் வழங்கும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். இங்கே மனைப்பிரிவுக்கு அனுமதி அளிக்கும் அதிகாரம் அக்குழுமத்திற்கே உரியது. பெருநகர்ப் பகுதிக்கு வெளியே உள்ள ஊர்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தை அணுக வேண்டும். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர்ப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க 2022-இல் அரசு ஆணையிட்டது. ஆகவே எல்லையோரத்து ஊரினர், தம் ஊர் விண்ணப்பங்களை எந்த அலுவலகம் பரிசீலிக்கிறது என்பதை முதலிலேயே கேட்டறிந்துகொள்வது நலம்.

'பஞ்சாயத்து அப்ரூவல் பெற்ற மனை' என்று விளம்பரம் செய்து விற்பது நெடுங்காலம் நடைபெற்றது. ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு வரைபடத்தைக் காட்டினால், வாங்குவோர் அதனை அரசாங்க அனுமதி என்றே நம்பினர். உண்மையில் ஊராட்சி மன்றத் தீர்மானமோ, தலைவரின் கையொப்பமோ மனைப்பிரிவுக்கு அனுமதி ஆகாது. வரி ரசீதும், மின் இணைப்பும் அனுமதி ஆகா. திட்டமிடும் அமைப்பின் எண்ணிட்ட ஒப்புதலும், அதனைத் தொடர்ந்து உள்ளாட்சி வெளியிடும் இறுதி அனுமதியும் சேர்ந்ததே முழுமையான அனுமதியாகும்.

விண்ணப்பத்தின் படிகள்

முதலாவதாக, நிலம் எந்தப் பயன்பாட்டு மண்டலத்தில் உள்ளது என்று பார்க்க வேண்டும். 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு புல எண்ணும் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம், திறந்தவெளி என்பன போன்ற ஏதேனும் ஒரு மண்டலத்தில் வைக்கப்பட்டுள்ளது. நிலம் விவசாய மண்டலத்தில் இருப்பின், நிலப்பயன் மாற்றத்திற்குத் தனியே விண்ணப்பித்து ஆணை பெற வேண்டும். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கெனத் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. இதனைப் பாராமல் முன்பணம் வாங்கிவிட்டுப் பின்னர்த் திண்டாடுவோர் பலர்.

இரண்டாவதாக, ஆவணங்களைச் சேர்க்க வேண்டும். மூலப்பத்திரம், அதற்குப் பின் வந்த கிரயப் பத்திரங்கள், விண்ணப்பதாரர் பெயரிலான பட்டா, வில்லங்கச் சான்றிதழ், புல வரைபடம், கிராம வரைபடத்தின் நகல் ஆகியன இன்றியமையாதவை. பாகப்பிரிவினை ஆகாத குடும்பச் சொத்தாயின் பங்காளிகள் அனைவரும், உரிமையுள்ள பெண் மக்கள் உள்பட, கையெழுத்திட வேண்டும். பத்திரத்தில் உள்ள அளவும், பட்டாவில் உள்ள அளவும், தரையில் உள்ள அளவும் மூன்றும் ஒன்றாக இருத்தல் அரிது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். ஆகவே நில அளவையரைக் கொண்டு அளந்து, எல்லையைத் தீர்த்துக்கொண்ட பிறகே வரைபடம் வரையச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, பதிவு பெற்ற தொழில்நுட்ப வல்லுநரைக் கொண்டு வரைபடம் தயாரித்து, இணையவழி ஒற்றைச் சாளர முறையில் விண்ணப்பம் சமர்ப்பிக்க வேண்டும். நிலம் தாழ்வாகவோ, ஏரி, கால்வாய், ஓடை ஆகியவற்றின் அருகிலோ இருப்பின், வெள்ள அபாயம் குறித்து நீர்வளத்துறையின் சான்றும் தேவைப்படும். அதிகாரிகள் நிலத்தை நேரில் பார்வையிடுவார்கள். நிலத்திற்குச் செல்லும் அணுகுசாலை உண்மையில் உள்ளதா, அது பொதுச் சாலையா என்பதே அவர்கள் முதலில் கேட்கும் வினா.

நான்காவதாக, ஆய்வு முடிந்தபின் அபிவிருத்திக் கட்டணம் முதலியவற்றைச் செலுத்துமாறு கடிதம் வரும். தெருக்களுக்கும் பொது இடத்திற்கும் உரிய நிலத்தை, பதிவு செய்யப்பட்ட தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். இவை நிறைவேறிய பின்னரே அனுமதி எண்ணுடன் வரைபடம் ஒப்புதல் பெறும்.

ஐந்தாவதாக, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாக்கி விற்பவர், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாமல் விளம்பரம் செய்தலும், முன்பணம் பெறுதலும் கூடா. மீறுவோருக்குத் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

ஒரு கணக்கு

"என் நிலத்தைச் சாலைக்கும் பூங்காவிற்கும் கொடுத்துவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்?" என்று விவசாயிகள் கேட்பது இயல்பே. இதனைக் கணக்கிட்டே பார்ப்போம்.

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறத்தாழ 74 சென்டு வரை, திறந்தவெளி ஒதுக்கீடு இல்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை, சாலை நீங்கிய பரப்பில் 10 சதவீதத்தை ஒதுக்கலாம். அல்லது அதற்கு ஈடான மதிப்பைச் செலுத்தலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால், அதாவது ஏறத்தாழ 2 ஏக்கர் 47 சென்டைத் தாண்டினால், பணம் செலுத்தித் தப்ப இயலாது. 10 சதவீத நிலத்தையே கொடுத்தாக வேண்டும்.

ஒருவரிடம் 4 ஏக்கர், அதாவது 400 சென்டு நிலம் உள்ளதெனக் கொள்வோம். தெருக்களுக்கு 30 சதவீதம் போகுமெனில் 120 சென்டு கழியும். எஞ்சுவது 280 சென்டு. இதில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு 28 சென்டு. மீதி 252 சென்டு. ஒரு சென்டு 435.6 சதுர அடியாதலால், இது ஏறத்தாழ 1,09,770 சதுர அடி. 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டு கணக்கில் 45-க்கு மேல். பெரிய மனைப்பிரிவுகளில் நலிந்த பிரிவினருக்கான மனைகள், மின் துணைநிலையம் போன்ற பொதுத்தேவைகள் ஆகியவற்றிற்கும் விதிகள் உண்டாதலால், இதில் இன்னும் சிறிது குறையலாம்.

148 சென்டு போயிற்றே என்று வருந்துவோர் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அனுமதியின்றிப் பிரித்தவரும் தெருவுக்கு நிலம் விடாமல் மனை விற்க முடியாது. அவர் குறைத்து விடுவார், அவ்வளவே. அந்தக் குறுகிய தெருவினால் மனையின் விலையும் குறையும். மேலும் அனுமதியில்லா மனைக்கு வங்கிகள் கடன் தரத் தயங்குகின்றன. கட்டட அனுமதி கிடைப்பதில்லை. ஆகவே நல்ல விலை கொடுப்பவர் அதனை நாடுவதில்லை.

2016 கற்பித்த பாடம்

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பொதுநல வழக்கொன்றில், அனுமதியற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தது. அவ்வாண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நம் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. திட்டமிடும் அமைப்பின் அனுமதியின்றி மனையாக மாற்றப்பட்ட நிலத்தின் கிரயத்தைப் பதிவு அலுவலர் ஏற்கலாகாது என்பது அதன் கருத்து. முன்னரே மனையாகப் பதிவானதற்கு மட்டும் அதில் விலக்கு உண்டு.

இதன் விளைவு யாது? மகளின் திருமணத்திற்கென மனை வாங்கி வைத்தவர், அவசரத்திற்கு அதனை விற்கச் சென்றபோது சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வெறுங்கையுடன் திரும்பினார். மாதத் தவணை கட்டி முடித்துப் பத்திரத்திற்குக் காத்திருந்தவர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்களிடம் இருந்தது தவணை அட்டை மட்டுமே.

மக்களின் இடரைக் கருதி அரசு 2017 மே மாதத்தில் அனுமதியற்ற மனைகளையும் மனைப்பிரிவுகளையும் வரன்முறைப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20 அல்லது அதற்கு முன்னர் பதிவான மனைகளை அடிப்படையாகக் கொண்டு, கட்டணம் பெற்று ஒழுங்குபடுத்த அவ்விதிகள் வழி செய்தன. ஆயினும் நீர்நிலை, கால்வாய், பொதுச் சாலை, பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் ஆகியவற்றில் அமைந்த மனைகளுக்கு அந்த வழியும் இல்லை. விற்றவர் செலுத்தியிருக்க வேண்டிய கட்டணத்தைப் பெரும்பாலும் வாங்கியவரே செலுத்த நேர்ந்தது. அத்தனை செலவுக்குப் பின்னரும் தெரு அகலவில்லை; பூங்கா வந்துவிடவில்லை. வரன்முறை என்பது நோய்க்குப் பின் குடிக்கும் கஷாயம். அதனையே உணவாக நம்பியிருத்தல் தகாது. 2016 அக்டோபர் 20-க்குப் பின் புதிதாகப் போடப்படும் அனுமதியற்ற மனைப்பிரிவுக்கு அவ்விதிகள் புகலிடம் ஆகா.

பொது அதிகாரப் பத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறுவது பொருந்தும். "எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் பவர் மட்டும் எழுதிக் கொடுங்கள்" என்று தரகர் கூறுவது வழக்கம். அப்பத்திரத்தின்பேரில் முகவர் செய்யும் ஒவ்வொரு கிரயமும் நிலத்துக்காரர் பெயரிலேயே நடைபெறுகிறது. அனுமதியின்றி விற்றுவிட்டு முகவர் அகன்றபின், மனை வாங்கியவர் தேடி வருவது நிலத்துக்காரரின் வீட்டிற்கே. ஆகவே அனுமதி பெறும் பொறுப்பு யாருடையது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு தொகை தரப்படும் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் கையெழுத்திடுதல் கூடாது.

நீர் செல்லும் வழி

நம் பகுதி ஏரிகளால் அமைந்த பகுதி. அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரியை நோக்கிச் செல்லும். இவ்வாறே ஒவ்வோர் ஏரியின் கலங்கலும் கீழுள்ள ஏரிக்கு வாயில். முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்ற பெயரை இன்றும் தாங்கும் குடியிருப்பைக் காண்பவர், அவ்விடம் முன்னர் என்னவாக இருந்தது என்பதைப் பெயரிலிருந்தே அறியலாம். 2015 டிசம்பர் பெருமழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் நம் சுற்றுவட்டாரத்தின் தாழ்ந்த இடங்கள் நீரில் மூழ்கின. 2023-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் புகுந்து இயந்திரங்கள் பழுதாயின. தண்ணீர் பத்திரத்தைப் படிப்பதில்லை, பள்ளத்தைத்தான் அறியும்.

ஆகவே நிலத்தைப் பிரிக்குமுன், அதன் ஊடே செல்லும் வாய்க்கால் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பயிர் நின்றுவிட்டதால் வாய்க்காலுக்கு வேலையில்லை என்று எண்ணுவது பெரும்பிழை. பாசனத்திற்குப் பயன்படாத வாய்க்காலே மழைக்கால வடிகால். அதனைத் தூர்த்து மனையாக்கினால், மேலுள்ள வயலும் கெடும். கீழுள்ள வீடும் கெடும். வாய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதை, மயானப்பாதை, மேய்க்கால் ஆகியவற்றை மனையின் எல்லைக்குள் சேர்ப்பது சட்டத்திற்கு விரோதம். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டுள்ளது.

ஊராட்சி மன்றத்தின் கடமை

அனுமதி அளிப்பது நம் கையில் இல்லை எனில், நமக்கு இதில் என்ன வேலை என்று மன்ற உறுப்பினர்கள் கேட்கலாம். ஊரை அறிந்தவர்கள் அவர்களே. வரைபடத்தில் தெரியாத ஓடை அவர்களுக்குத் தெரியும். ஆகவே அவர்கள் பின்வருவனவற்றைத் தம் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

1. ஊரில் புதிதாக மனைக் கல் நடப்பட்டால், அனுமதி எண்ணைக் கேட்க வேண்டும். எண் இல்லையெனில், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திற்கும் திட்டமிடும் அமைப்பிற்கும் உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கல் நட்ட மறுநாள் எழுதும் கடிதத்திற்கு உள்ள வலிமை, வீடு எழும்பிய பின் எழுதும் கடிதத்திற்கு இராது.

2. மனைப்பிரிவு வரைபடம் எதிலும் தலைவரோ உறுப்பினரோ தனித்துக் கையொப்பமிடுதல் கூடாது.

3. தெருக்கள், திறந்தவெளி ஆகியவற்றின் தானப் பத்திரம் ஊராட்சிக்குப் பதிவாகி வந்துள்ளதா என்று பார்த்து, அதனை அலுவலகத்தில் பத்திரப்படுத்த வேண்டும். ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் புல எண், பரப்பு, பத்திர எண், தேதி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். வருவாய்க் கணக்கிலும் மாற்றம் செய்யுமாறு தாசில்தாருக்கு எழுத வேண்டும்.

4. அவ்வாறு பெற்ற இடத்தில் நான்கு மூலையிலும் கல் நட்டு, ஊராட்சியின் பெயர்ப்பலகை வைக்க வேண்டும். வேலி போட நிதி இல்லாவிடினும் மரக்கன்று நடலாம். யாருக்கும் சொந்தமில்லாததுபோல் கிடக்கும் இடம், விரைவில் யாருக்கேனும் சொந்தமாகிவிடும்.

5. கிராம சபைக் கூட்டத்தில், ஊரின் எல்லைக்குள் அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளின் பட்டியலை வாசிக்க வேண்டும். வெளியூரிலிருந்து மனை வாங்க வருவோர் கேட்டால் காட்டும்படி, அப்பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டிவைப்பதும் நன்று.

இவற்றிற்கெல்லாம் பெரும் பொருட்செலவு இல்லை. கவனமும் துணிவும் இருந்தால் போதும். உறவினரின் நிலமாயிற்றே, எதிர்ப்பது எப்படி என்ற தயக்கம் கிராமத்தில் இயல்பாகவே எழும். அந்த உறவினரின் பேரப்பிள்ளைகளே நாளை அத்தெருவில் நடக்கப்போகிறவர்கள் என்பதை எடுத்துக் கூறினால், அவரும் இணங்குவார்.

நிலத்தை விற்பதும் விற்காமல் உழுவதும் விவசாயியின் உரிமை. அதில் பிறர் தலையிடுவதற்கில்லை. ஆனால் விற்பதென்று தீர்மானித்தால், முதலில் மண்டலத்தைப் பார்த்து, நிலத்தை அளந்து, அனுமதியைப் பெற்று, அதன் பின்னரே முன்பணத்தை வாங்குதல் வேண்டும். இவ்வரிசை மாறாமல் நடந்தால், விற்றவருக்கு நல்ல விலையும், வாங்கியவருக்கு நிம்மதியும், ஊருக்குத் தெருவும் திறந்தவெளியும் கிடைக்கும். நம் வட்டாரத்தின் ஒவ்வோர் ஊராட்சியும் அடுத்த கிராம சபையிலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டு, தன் சொத்துப் பதிவேட்டைச் சரிபார்க்கத் தொடங்குமாக.